சாக்கடையில் கரைந்த மாத்திரையை எப்படி எடுப்பது?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகத் தருகிறேன். கேட்டவர் சென்னையில் 120 வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர். "எங்கள் வளாகத்தில் எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) ஓடுகிறது. சுத்திகரித்த நீரைக் கழிவறைத் தொட்டிகளுக்கும் தோட்டத்துக்கும் விடுகிறோம். தோட்டத்தில் ஒரு கீரைப் பாத்தியும் உண்டு. இங்கே பாதி வீடுகளில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார்கள். அந்த மருந்தும் சோப்பு, ஷாம்பூ ரசாயனமும் எஸ்டிபியில் போய்விடுமா? போகாதென்றால் என்ன செய்யலாம்?"

சில மருந்துகள் போய்விடும், சில பாதி போகும், சில வந்தபடியே வெளியேறும். உங்கள் எஸ்டிபி சரியாக ஓடினாலும் இதுதான் நிலை, ஏனென்றால் அது இந்த வேலைக்காகக் கட்டப்படவில்லை. விவரத்துக்குப் போவதற்கு முன் ஒரு பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். யார் வந்து "எங்கள் கருவி 95 சதவீதம் நீக்கும்" என்றாலும், "நீக்கியது எங்கே போனது?" என்று கேளுங்கள். உடைந்ததா? எதிலாவது ஒட்டிக்கொண்டதா? வேறொரு குழாய் வழியாக ஒதுங்கிப் போனதா? உடைந்தது என்றால், உடைந்த துண்டு என்ன ஆனது? இருபது வருடமாக இந்தத் துறையில் எனக்குக் கை கொடுத்த கேள்வி இது ஒன்றுதான்.

அளவைப் பற்றி ஒரு மனக்கணக்கு போட்டுக்கொள்வோம். இந்தப் பொருள்களை லிட்டருக்கு நானோகிராம், அதாவது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு, என்ற கணக்கில் அளக்கிறார்கள். செம்பரம்பாக்கம் ஏரி முழுக் கொள்ளளவில் 3,645 மில்லியன் கன அடி நீர் பிடிக்கும். நிரம்பிய அந்த ஏரி முழுவதையும் லிட்டருக்கு 1 நானோகிராம் என்ற அளவுக்குக் கொண்டுவர, சுமார் 100 கிராம் மருந்து போதும். 200 மில்லிகிராம் மாத்திரை என்றால் 500 மாத்திரை. ஒரு நடுத்தர மருந்துக்கடை ஒரே அலமாரியில் வைத்திருக்கும் சரக்கு அது. கழிவுநீரில் பல மருந்துகள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் நானோகிராம் இருக்கின்றன.

இவ்வளவு சிறிய அளவு என்ன செய்துவிடும் என்று கேட்பீர்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கிய ஏரிகள் சில உண்டு. 260 என்று எண்ணிட்ட ஏரியில் 2001 முதல் 2003 வரை மூன்று கோடைக்காலம், கருத்தடை மாத்திரையில் இருக்கும் எத்தினைல் எஸ்ட்ராடயாலைக் கலந்தார்கள். லிட்டருக்கு 5, 6 நானோகிராம்தான். ஆண் மீன்களின் உடலில் முட்டைக்கரு புரதம் சுரக்க ஆரம்பித்தது. ஃபாத்ஹெட் மின்னோ என்ற சிறுமீன் இனம் அந்த ஏரியில் கிட்டத்தட்ட அற்றே போனது. ஹார்மோன் கலப்பதை நிறுத்திய பிறகு சில வருடங்களில் மீன்கள் திரும்ப வந்தன. அந்தச் சோதனையில் என் மனதில் அதிகம் தங்கியது இந்தக் கடைசிச் செய்திதான். வரத்தை நிறுத்தினால் நீர்நிலை தேறிவரும்.

சரி, எஸ்டிபிக்குள் என்ன நடக்கிறது? ஏரேஷன் டேங்கில் காற்று ஊதி வளர்க்கிற பாக்டீரியாக்கள் மலம், சோப்பு, உணவு மிச்சம் எல்லாவற்றையும் தின்று தீர்க்கின்றன. பிஓடி (கழிவு சிதையப் பிடிக்கும் ஆக்சிஜனின் அளவு), மிதக்கும் திடப்பொருள், அம்மோனியா ஆகியவற்றைக் குறைப்பதுதான் அதன் வேலை. மருந்து அந்தச் சாப்பாட்டில் கூடவே வரும் ஒரு துணுக்கு. பாக்டீரியாவுக்குச் செரிக்கும் வடிவில் இருந்தால் தின்றுவிடும். பாரசிட்டமால், ஐபுப்ரோஃபென், காபியில் இருக்கும் கஃபீன் மூன்றும் நன்றாக ஓடும் எஸ்டிபியில் 90 சதவீதத்துக்கு மேல் போய்விடும். வலிக்குப் போடும் டைக்ளோஃபினாக் பல இடங்களில் பாதிகூடப் போவதில்லை. வலிப்புக்குத் தரும் கார்பமசெபினைப் பாக்டீரியா தொடுவதே இல்லை. பத்து சதவீதம் குறைந்தால் அதிகம்.

கார்பமசெபினில் ஒரு விசித்திரம் உண்டு. சில ஆய்வுகளில், எஸ்டிபிக்குள் வந்த அளவைவிட வெளியே போன அளவு கூடுதலாக இருந்தது. அளந்தவர்கள் தவறு செய்யவில்லை. நம் கல்லீரல் பல மருந்துகளோடும் அவற்றின் உருமாறிய வடிவங்களோடும் ஒரு சர்க்கரை அமிலத்தை இணைத்து, நீரில் எளிதாகக் கரையும்படி மூட்டை கட்டிச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. உள்ளே வரும்போது சோதித்தால் மூட்டைக்குள் இருப்பது கணக்கில் வராது. பாக்டீரியா அந்தச் சர்க்கரையைத் தின்பதற்காக மூட்டையை அவிழ்க்கும்போது மருந்து மறுபடி வெளியே வருகிறது. என் அப்பா பல வருடம் இந்த மாத்திரையைச் சாப்பிட்டுத்தான் நிம்மதியாக வாழ்ந்தார். அதனால் இதை எழுதும்போது எனக்கு ஒரு கவலை உண்டு. இதைப் படித்துவிட்டு யாரும் மருந்தைக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. நீரைச் சுத்தம் செய்வது பொறியாளர் வேலை. அந்தப் பாரத்தை நோயாளியின் தலையில் வைப்பது நியாயமில்லை.

உங்கள் வளாகத்தில் அதிகம் இருக்கப்போவது சர்க்கரைக்கான மெட்ஃபார்மின். அதை நம் உடல் மாற்றுவதே இல்லை. விழுங்கியதில் ஏறக்குறைய முழுவதும் அதே வடிவில் வெளியே வந்துவிடும். நல்ல எஸ்டிபி இதைப் பெருமளவு குறைத்துவிடும் என்று அறிக்கையில் பார்த்துச் சந்தோஷப்படலாம். ஆனால் நம் கேள்வியைக் கேளுங்கள்: எங்கே போனது? பெரும்பகுதி குவானைல்யூரியா என்ற இன்னொரு பொருளாக மாறியிருக்கும், அது அவ்வளவு எளிதில் உடையாது. மெட்ஃபார்மினை மட்டும் தேடும் பரிசோதனையில் அது தெரியாது.

சோப்பு, பற்பசையில் கிருமிகொல்லியாகச் சேர்க்கும் ட்ரைக்ளோசான் வேறு மாதிரி. அது நீரைவிட்டு விலகி, எஸ்டிபி தொட்டியில் படியும் கசடில் ஒட்டிக்கொள்ளும். நீர் சுத்தமாகத் தெரியும், ஆனால் அந்தக் கசடைத் தோட்டத்துக்கு உரமாகப் போட்டால் ட்ரைக்ளோசானும் கூடவே போகிறது. இது நம் ஊர்ச் சங்கதியும்தான். காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி நீரைச் சோதித்துத் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011ல் வெளியிட்ட முடிவில், தாமிரபரணியில்தான் ட்ரைக்ளோசான் மிக அதிகம், ஓரிடத்தில் லிட்டருக்கு 5,000 நானோகிராமுக்கும் மேல். அமெரிக்கா 2016ல் கை, உடல் கழுவும் சோப்புகளில் இதைப் பயன்படுத்தத் தடை விதித்தது. சாதாரண சோப்பைவிட இது கிருமியை அதிகம் கொல்கிறது என்று தயாரிப்பாளர்களால் நிரூபிக்க முடியவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. எந்தப் பயனும் இல்லாமல் ஆற்றில் சேர்ந்த பொருள் என்பதால் இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

எஸ்டிபிக்குப் பிறகு கூடுதலாக என்ன வைக்கலாம் என்பது அடுத்த கட்டம். நிஜமாகப் பெரிய அளவில் வேலை செய்கிறவை மூன்றுதான்: ஓசோன், கரி, ஆர்ஓ. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இன்னும் நூறு வழிகள் வரும். கதிர் பட்டால் வேலை செய்யும் வினையூக்கிகள், பூஞ்சை, நானோ துகள்கள் என்று. ஆய்வுக்கூடத்துக் குடுவையில் சுத்தமான நீரில் ஒரே ஒரு மருந்தைக் கரைத்துச் செய்த சோதனையை நம்பி யாரிடமும் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். நிஜச் சாக்கடை நீரில் மருந்தைப் போல ஆயிரம் மடங்கு, பத்தாயிரம் மடங்கு மற்ற கரிமப் பொருள் இருக்கும். எல்லாக் கருவிக்கும் உண்மையான சோதனை அங்கேதான்.

ஓசோனை எடுத்துக்கொள்வோம். மூன்று ஆக்சிஜன் அணு சேர்ந்த வாயு. நீருக்குள் குமிழியாக விட்டால் மருந்து மூலக்கூறில் இருக்கும் இரட்டைப் பிணைப்பு, பீனால், அமீன் போன்ற இடங்களைத் தேடி வெட்டும். பாக்டீரியா தொடாத கார்பமசெபின் ஓசோனில் நொடிகளில் உடையும், ஏனென்றால் அதன் நடுவே தோதான இரட்டைப் பிணைப்பு ஒன்று இருக்கிறது. டைக்ளோஃபினாக்கும் அப்படியே. ஆனால் ஸ்கேன் எடுக்கும்போது நரம்பில் ஏற்றும் அயோடின் சாயங்கள் ஓசோனுக்கும் மசியாது.

இதை ஒரு நாடு முழுவதும் எப்படிச் செய்வது என்று காட்டியது சுவிட்சர்லாந்து. சூரிச்சுக்குப் பக்கத்தில் டூபென்டார்ஃபில் இருக்கும் நொய்குட் நிலையம் 2014ல் முழு அளவில் ஓசோன் வைத்தது. திருத்திய நீர்ப் பாதுகாப்புச் சட்டம் 2016 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. நாட்டில் இருக்கும் 700க்கும் மேற்பட்ட நிலையங்களில் ஏறக்குறைய 100ஐத் தேர்ந்தெடுத்து 2040க்குள் மேம்படுத்துவது திட்டம். பெரிய நிலையங்கள், ஏரியில் விடுகிறவை, ஓடும் நீரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கழிவுநீராகவே இருக்கும் சிற்றோடைகளில் விடுகிறவை என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். கோடையில் கூவத்தில் நல்ல நீர் எவ்வளவு இருக்கும் என்று நமக்குத் தெரியும். அந்த அளவுகோலை இங்கே வைத்தால் நம் நகர ஆறுகளில் எதுவும் தப்பாது.

சுவிஸ் சட்டத்தில் எனக்குப் பிடித்தது அதன் எளிமை. ஆயிரக்கணக்கான பொருள்களையும் அளக்கச் சொல்லவில்லை. 12 பொருள்களைப் பட்டியலிட்டு, உள்ளே வந்ததிலிருந்து வெளியே போவதற்குள் அவை சராசரியாக 80 சதவீதம் குறைய வேண்டும் என்கிறது. பட்டியலில் பெரும்பாலானவை நம் வீட்டு மருந்துப்பெட்டியில் இருப்பவைதான்: மெட்டோப்ரோலால், இர்பெசார்ட்டன், ஹைட்ரோகுளோரோதயசைட், கிளாரித்ரோமைசின், டைக்ளோஃபினாக், கார்பமசெபின். பணத்துக்கும் வழி சொன்னார்கள். கழிவுநீர் இணைப்பில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 9 ஃபிராங்க் வரி, கட்டுமானச் செலவில் முக்கால் பங்கு அந்த நிதியிலிருந்து.

ஓசோனுக்கும் அதே கேள்வி. எங்கே போனது? மருந்து உடைந்து சிறு துண்டுகளாகியிருக்கும். அவை காற்றாகிவிடுவதில்லை. அதனால்தான் ஓசோனுக்குப் பின்னால் மணல் வடிகட்டியோ கரிப் படுகையோ வைத்து, அதில் வளரும் பாக்டீரியாவுக்கு அந்தத் துண்டுகளை உணவாக்குகிறார்கள். இது கட்டாயம். "ஓசோன் மட்டும் போதும்" என்று சொல்லும் விலைப்பட்டியலை ஓரமாக வைத்துவிடலாம்.

இன்னொரு ஆபத்து புரோமைடு. நீரில் புரோமைடு உப்பு இருந்தால் ஓசோன் அதை புரோமேட் ஆக்கும். புரோமேட் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது, குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. சூரிச்சுக்காரர்களுக்குக் கடல் தொலைவில். நமக்கு அப்படி இல்லை. மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் புகுந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. கடற்கரையோரக் குடியிருப்புகளின் போர்வெல் நீரிலும் உப்பு ஏறியிருக்கிறது. கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 67 மில்லிகிராம் புரோமைடு உண்டு. உங்கள் கழிவுநீரில் நூறில் ஒரு பங்கு கடல்நீர் கலந்திருந்தாலே புரோமைடு 670 மைக்ரோகிராமாகிவிடும். ஓசோனுக்கு ஒத்துவராத அளவு அது. அதனால் சென்னையில் யார் ஓசோன் வைக்க விரும்பினாலும் முதலில் புரோமைடு சோதனை செய்யுங்கள் என்று சொல்வேன். செலவு சில ஆயிரம் ரூபாய்க்குள் முடியும்.

அடிப்படைப் பராமரிப்பு ஏன் முக்கியம் என்பதும் இங்கேதான் புரிகிறது. ஓசோன் மருந்தை மட்டும் தேடிப் போவதில்லை, எதிரே வரும் எல்லாவற்றையும் வெட்டும். ஏரேஷன் அரைகுறையாக நடந்து, அம்மோனியா பாதி வழியில் மாறி நிற்கும் நைட்ரைட் மிஞ்சியிருந்தால், ஒரு மில்லிகிராம் நைட்ரைட் நைட்ரஜன் ஏறக்குறைய மூன்றரை மில்லிகிராம் ஓசோனைத் தின்றுவிடும். மருந்துக்குக் கொடுக்கும் மொத்த அளவே லிட்டருக்கு சில மில்லிகிராம்தான். மின்கட்டணத்தை மிச்சம் பிடிக்க இரவில் ப்ளோயரை (காற்று ஊதும் கருவியை) நிறுத்தும் வளாகங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு இடத்தில் புதிதாக வைத்த ஓசோன் கருவி வேலை செய்யவில்லை என்று என்னை அழைத்தார்கள். கருவியில் எந்தக் கோளாறும் இல்லை. ப்ளோயர் இரவு பத்து மணிக்கு நின்றுவிட்டது, காலை வரை நைட்ரைட் சேர்ந்துகொண்டிருந்தது. ப்ளோயரை ஓடவிட்டதும் ஓசோனும் வேலை செய்தது. ஏரேஷன் ஒழுங்காக நடந்து, கசடை அவசரமாக வெளியேற்றாமல் பத்துப் பதினைந்து நாளுக்கு மேல் தொட்டியில் தங்கவிட்டால், மெதுவாக வளரும் பாக்டீரியா வகைகளும் குடியேறும். பாதி போகும் மருந்துகளில் சில, கூடுதல் கருவி எதுவும் இல்லாமலேயே இன்னும் கொஞ்சம் குறையும்.

அடுத்தது கரி. நம்மவர்களுக்கு இதில் சொந்தம் கொண்டாட உரிமை உண்டு. கொட்டாங்குச்சியைச் சுட்டு, நீராவியில் மறுபடி சூடேற்றிச் செய்யும் ஆக்டிவேட்டட் கார்பன் கொங்கு நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் உலகமெங்கும் போகிறது. ஒரு கிராம் கரிக்குள் இருக்கும் நுண்துளைகளின் பரப்பை விரித்தால் ஆயிரம் சதுர மீட்டர் வரும், கிட்டத்தட்ட கால் ஏக்கர். மருந்து மூலக்கூறுகள் அந்தத் துளைகளின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். கரியில் எதுவும் உடைவதில்லை, அதனால் புதிய துண்டுகளும் உண்டாவதில்லை, புரோமேட் பயமும் இல்லை. பெரிய நிலையங்களில் லிட்டருக்கு 10 முதல் 20 மில்லிகிராம் கரித்தூளைக் கலந்து, பிறகு கசடோடு எடுத்து எரித்துவிடுகிறார்கள். சிறிய இடங்களுக்குக் குருணைக் கரி நிரப்பிய தொட்டிதான் பொருத்தம்.

கரியின் பலவீனம், அது நிறைந்துவிடும் என்பது. நிறைந்த கரி எந்த அறிகுறியும் காட்டாது. நீர் தெளிவாகவே வரும், வாடை வராது, மருந்து மட்டும் நழுவிப்போகும். நீரில் எளிதில் கரையும் மருந்துகள் முதலில் நழுவும். தீர்ந்த கரியைச் சூளையில் 800 டிகிரி சூட்டில் மீட்டெடுத்தால் ஒட்டியிருந்த மருந்தும் அழிந்துவிடும். ஒப்பந்தக்காரர் அதைச் சுற்றுச்சுவர் ஓரம் கொட்டிவிட்டுப் போனால், மழையில் எல்லாம் மண்ணுக்குத்தான்.

மூன்றாவது ஆர்ஓ. சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019 முதல் நாளுக்கு தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை ஆர்ஓ வழியாகச் சுத்தம் செய்து, மணலி, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிறார்கள். நல்ல குடிநீர் தொழிற்சாலைக்குப் போகாமல் மிஞ்சுகிறது என்ற வகையில் இதை மனதாரப் பாராட்டுகிறேன். ஆர்ஓ சவ்வு ஏறக்குறைய எல்லா மருந்தையும் தடுத்துவிடும், மிகச் சிறிய மூலக்கூறுகள் சிலவே நழுவும். ஆனால் தடுத்த மருந்து அழியவில்லை. உள்ளே போன நீரில் கால் பங்கு அளவில், நான்கு மடங்கு செறிவோடு, ரிஜெக்ட் எனப்படும் ஒதுக்கிய நீரில் நிற்கிறது. கடலோர நிலையத்துக்குக் கடலில் விடும் வசதி இருக்கிறது, அதுவும் நல்ல தீர்வு என்று சொல்ல மனம் வரவில்லை. உள்நாட்டில் திருப்பூர் சாயப்பட்டறைகளைப் போல ரிஜெக்டைக் கொதிக்கவைத்து உப்பாக்க வேண்டும், அதற்கு எவ்வளவு எரிபொருள் பிடிக்கும் என்று அங்கே கேட்டால் தெரியும். ஆப்பிரிக்காவில் நமீபியாவின் தலைநகர் விண்ட்ஹுக், 1968லிருந்து கழிவுநீரைக் குடிநீராக்கிக் கொடுக்கிறது. ஆர்ஓ இல்லை. ஓசோன், கரிப் படுகைகள், நுண்சவ்வு என்று ஒன்றின் பின் ஒன்றாக வைத்துச் செய்கிறார்கள். கடல் இல்லாத நம் நகரங்கள் பார்க்க வேண்டிய ஊர் அதுதான் என்பது என் கருத்து.

யுவி விளக்கு பற்றியும் குளோரின் பற்றியும் இரண்டே வரி. கிருமியைக் கொல்ல வைக்கும் யுவி மருந்தை உடைக்காது; அதற்குப் பத்து மடங்குக்கும் மேல் கதிரும் கூடவே ஹைட்ரஜன் பெராக்சைடும் வேண்டும். குளோரின் கிருமிக்கு நல்லது, மருந்துக்கு அதை நம்ப வேண்டாம், ட்ரைக்ளோசானோடு சேர்ந்தால் குளோரோஃபார்ம்கூட உண்டாகும்.

இதுவரை வீட்டுக் கழிவுநீரைப் பேசினோம். தொழிற்சாலையைச் சொல்லாமல் விட்டால் பதில் முழுமையாகாது. ஹைதராபாத் பக்கத்தில் பட்டான்செருவில், சுமார் 90 மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைச் சேர்த்துச் சுத்திகரிக்கும் பொது நிலையத்தின் வெளியேற்ற நீரை ஸ்வீடன் ஆய்வாளர் ஜோகிம் லார்சனின் குழு சோதித்து 2007ல் வெளியிட்டது. சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை. நானோகிராம் அல்ல, மில்லிகிராம். அந்த மாத்திரையைச் சாப்பிடும் நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகம். மருந்து எதிர்ப்புக் கிருமிகள் உருவாகாமல் இருக்க இந்த மருந்து நீரில் லிட்டருக்கு 0.064 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று பின்னர் கணக்கிட்டார்கள். அந்தக் கழிவு அதைப்போல நான்கரை லட்சம் மடங்குக்கும் மேல். கிருமிகள் வளர வீட்டுச் சாக்கடையையும் அதே தொட்டியில் கலந்திருந்தார்கள். கிருமியும் ஆன்டிபயாட்டிக்கும் ஒரே இடத்தில் நாள்கணக்கில் சேர்ந்திருந்தால் என்ன ஆகும் என்பதைப் பிற்பாடு அங்கே ஆற்று மண்ணில் கண்ட எதிர்ப்பு மரபணுக்கள் சொல்லின.

நம் அரசு 2020 ஜனவரியில் 121 ஆன்டிபயாட்டிக்குகளுக்குத் தொழிற்சாலைக் கழிவில் வரம்பு விதித்து ஒரு வரைவு வெளியிட்டது. 2021ல் வந்த இறுதி அறிவிப்பில் அந்த வரம்புகள் இல்லை. இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். பல லட்சம் வீடுகளில் நானோகிராமைத் துரத்துவதைவிட, தொழிற்சாலைக் குழாய் முனையில் மில்லிகிராமை நிறுத்துவது பல மடங்கு மலிவு. யார் செலவு செய்வது என்ற கேள்விக்கும் இன்று ஒரு முன்மாதிரி வந்துவிட்டது. 2025 ஜனவரியில் அமலுக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய கழிவுநீர் விதி, ஒன்றரை லட்சம் பேருக்கும் அதற்கு மேலும் சேவை செய்யும் நிலையங்களில் ஓசோன், கரி போன்ற இந்தக் கூடுதல் சுத்திகரிப்பை (நான்காம் கட்டம் என்பார்கள்) 2045க்குள் கட்டாயமாக்குகிறது. செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மருந்து, அழகுப் பொருள் தயாரிப்பாளர்கள் ஏற்க வேண்டும் என்கிறது. நிறுவனங்கள் நீதிமன்றத்துக்குப் போயிருக்கின்றன. நம் நாட்டு நகரங்களில் ஒரு நாளில் உண்டாகும் சுமார் 7,200 கோடி லிட்டர் கழிவுநீரில் 2,000 கோடி லிட்டர்தான் எந்தச் சுத்திகரிப்பையும் பார்க்கிறது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2021 கணக்கு. மீதிக்கு முதல் கட்டமே இல்லை. ஐபுப்ரோஃபென் போல எளிதில் போகக்கூடியதும் அதில் அப்படியே ஆற்றுக்குப் போகிறது. அதனால் அரசிடம் எதைக் கேட்பது என்றால், முதலில் எல்லாச் சாக்கடையையும் எஸ்டிபிக்குக் கொண்டுவரக் கேட்பேன், அப்புறம்தான் ஓசோன்.

இனி உங்கள் வளாகம். 120 வீடு என்றால் நாளுக்கு 50,000 லிட்டர் சுமாராக இருக்கும். உங்கள் எஸ்டிபி கடைசியில் மணல் வடிகட்டியும் அதையடுத்து ஒரு கரித் தொட்டியும் இருக்கும், கிட்டத்தட்ட எல்லா அடுக்குமாடியிலும் உண்டு. ஆக, புதிதாக எதுவும் வாங்குவதற்கு முன் அந்தத் தொட்டியைத் திறந்து பாருங்கள். கரி கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேட்டால், நான் போன இடங்களில் பாதிக்கும் மேல் பதில் வரவில்லை. அதில் 500 லிட்டர் கரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். தினமும் தன் கொள்ளளவைப் போல 100 மடங்கு நீர் அதன் வழியே போகிறது. பெரிய நிலையங்களின் அனுபவத்தில் 10,000 மடங்கை ஒட்டியே சில மருந்துகள் நழுவத் தொடங்கும். உங்களுக்கு அது 100 நாள். மூன்று வருடம் பழைய கரி மருந்தைப் பொறுத்தவரை வெறும் கறுப்பு மணல்.

இரண்டாவது, நேரம். உங்கள் ஆபரேட்டர் பகலில் பத்து மணி நேரம் பம்பை ஓட்டி வடிகட்டி முடிப்பார். அப்படியென்றால் நீர் கரியோடு இருப்பது 6 நிமிடம். அதே நீரைச் சின்ன பம்ப் வைத்து நாள் முழுவதும் மெதுவாக விட்டால் 14 நிமிடத்துக்கு மேல் கிடைக்கும். மருந்துக்கு 20, 30 நிமிடம் இருந்தால் நல்லது. அதற்கு இன்னொரு தொட்டியை வரிசையில் சேர்க்கலாம். முதல் தொட்டி தீர்ந்ததும் அதன் கரியை மாற்றிப் பின்னால் வைத்து, இரண்டாவதை முன்னால் கொண்டுவாருங்கள். கரி வாங்கும்போது அதன் உறிஞ்சும் திறனைக் காட்டும் அயோடின் எண் 900க்கு மேல் என்று சான்றிதழ் கேளுங்கள், பழைய கரியை மீட்டெடுக்கத் திரும்ப எடுத்துக்கொள்வதாக எழுதி வாங்குங்கள். உங்கள் அளவுக்கு ஓசோனும் ஆர்ஓவும் தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

வீடுகளில் என்ன செய்யலாம்? பெரும்பகுதி சிறுநீர் வழியாகத்தான் வருகிறது, அதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் வலிக்குத் தடவும் டைக்ளோஃபினாக் ஜெல்லில் தோல் உறிஞ்சுவது நூறில் ஆறு பங்கு போலத்தான், மீதி குளியலறைக்குப் போகிறது. தடவிய கையைக் கழுவும் முன் ஒரு காகிதத்தில் துடைத்துக் குப்பையில் போடச் சொல்லுங்கள். உடனே குளிக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு பலன் வேறு எதிலும் இல்லை. காலாவதியான மாத்திரையைக் கழிவறையில் கொட்ட வேண்டாம். கேரளத்தில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பழைய மருந்துகளைத் திரும்பப் பெறும் திட்டத்தை 2025ல் கோழிக்கோட்டில் தொடங்கியது. உங்கள் வளாகத்திலும் ஒரு பெட்டி வைத்து, மருத்துவக் கழிவை எரிக்கும் நிறுவனத்தோடு பேசிப் பார்க்கலாம்.

கடைசியாகக் கீரைப் பாத்தி. இஸ்ரேலில் ஹீப்ரு பல்கலைக்கழகத்தினர் 2016ல் வெளியிட்ட ஆய்வில், சுத்திகரித்த கழிவுநீரில் விளைந்த காய்கறியைச் சாப்பிட்டவர்களின் சிறுநீரில் கார்பமசெபின் தெரிந்தது. நல்ல நீரில் விளைந்ததைச் சாப்பிட்டபோது குறைந்தது. மருந்தாகச் சாப்பிடும் அளவோடு ஒப்பிட்டால் அது மிக மிகக் குறைவு, பயந்து நடுங்க வேண்டியதில்லை. ஆனாலும் இந்த மருந்து செடிக்குள் நீரோடு ஏறி இலையில் போய்த் தங்கும். கீரையில் நாம் சாப்பிடுவதே இலையைத்தான். அதனால் தென்னைக்கும் பூச்செடிக்கும் புல்தரைக்கும் எஸ்டிபி நீரைத் தாராளமாக விடுங்கள், கீரைப் பாத்தியை மட்டும் மழைநீர்த் தொட்டிக் குழாய்ப் பக்கம் மாற்றிவிடுங்கள். கசடு உரத்தையும் அந்தப் பாத்தியில் போடாதீர்கள்.